ஹைபிரிட் கிளவுடுக்கு மாறுதல்: மேனேஜ்டு சர்வீஸ் எடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

கிளவுடுக்குப் போவதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு பழைய டேட்டாபேஸ் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், சில தரவுகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகவே பாதி இங்கே, பாதி அங்கே. டீமில் இருப்பது மூன்று பேர். “நல்ல மேனேஜ்டு சர்வீஸ் கம்பெனியாகப் பிடி, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று மீட்டிங்கில் யாரோ சொன்னார்கள். பிடிக்கும் வேலை உங்கள் தலையில் வந்து விழுந்தது.

அப்படி முதல்முறையாக மாட்டிக்கொண்டவருக்காக இதை எழுதுகிறேன். நான் சர்வீஸ் எடுத்தவனாகவும் இருந்திருக்கிறேன், இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து சர்வீஸ் கொடுத்தவனாகவும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது: வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். சாவிக்கொத்தும், எது எங்கே இருக்கிறது என்ற அறிவும் மட்டும் உங்களிடமே இருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதியை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே செய்ய வேண்டியிருப்பது அதனால்தான்.

முதலில் இரண்டு சொற்கள்

சொந்த டேட்டா சென்டரில் பத்து சர்வர், கிளவுடில் பத்து சர்வர் இருந்துவிட்டால் ஹைபிரிட் ஆகிவிடாது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட வரையறையில், தனித்தனியாக இருக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளவுட் அமைப்புகள், தரவும் அப்ளிகேஷனும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும்படி பிணைக்கப்பட்டிருப்பதுதான் ஹைபிரிட். அந்தப் பிணைப்பில்தான் பணமும் தூக்கமும் போகும்.

“மேனேஜ்டு சர்வீஸ்” என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மீட்டிங்கில் ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசுவார்கள். ஒன்று, கிளவுட் நிறுவனமே பராமரித்துத் தரும் பொருள். அமேசான் 2009-இல் கொண்டுவந்த ஆர்.டி.எஸ். இதற்கு நல்ல உதாரணம்: டேட்டாபேஸை நீங்கள் பயன்படுத்துவீர்கள், அதற்குக் கீழே உள்ள மெஷினை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, உங்கள் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் ஆட்களை வைத்து நடத்தித் தரும் ஒரு கம்பெனி. அதைச் சுருக்கமாக எம்.எஸ்.பி. (மேனேஜ்டு சர்வீஸ் புரொவைடர்) என்பார்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் முதலாவதை நன்றாகப் பயன்படுத்தினால் இரண்டாவதற்கான வேலை குறையும், பில்லும் குறையும். இதை எம்.எஸ்.பி. தானாக முன்வந்து சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

எல்லா அலுவலகத்திலும் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும். சர்வர் பெயர், ஐ.பி. முகவரி, எதற்கு என்ற விவரம். அதை நம்பாதீர்கள். யாரோ எப்போதோ எழுதியது, பாதி சர்வர்கள் இப்போது உயிரோடு இருக்காது. எழுதப்படாத சில சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க்கிடமே கேளுங்கள். எந்த மெஷின் எந்த மெஷினோடு எந்த போர்ட்டில் (மெஷினுக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) பேசுகிறது என்பதைக் குறைந்தது 30 நாள் பதிவு செய்யுங்கள். அந்த 30 நாளுக்குள் ஒரு மாதக் கடைசி கட்டாயம் வர வேண்டும். ஏன் என்றால், நான் ஒரு முறை இரண்டு வாரம் மட்டும் பதிவு செய்துவிட்டு, ஒரு சர்வரோடு யாருமே பேசவில்லை என்று முடிவு கட்டி அணைத்துவிட்டேன். மாதத்தின் கடைசி வேலை நாள் இரவில் மட்டும் கணக்குப் பிரிவுக்கு ஒரு ஃபைலை எடுத்துக் கொடுக்கும் சர்வர் அது. மறுநாள் காலை எனக்கு வந்த போன்களின் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

கிடைத்த பட்டியலில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் எதிரே சில விவரங்களை நிரப்புங்கள். அது எதையெல்லாம் நம்பியிருக்கிறது. நின்றால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் (இதைத்தான் ஆர்.டி.ஓ. என்பார்கள்). எவ்வளவு நேரத் தரவை இழந்தாலும் சமாளிக்கலாம் (இது ஆர்.பி.ஓ.). லைசென்ஸ் எப்படி எண்ணப்படுகிறது. சில மென்பொருள்களின் லைசென்ஸ், மெஷினில் உள்ள பிராசசர் கோர்களை வைத்து எண்ணப்படும். கிளவுடில் அதே கணக்கு வேறு மாதிரி வந்து, செலவு எகிறும். கடைசியாக, அந்த அப்ளிகேஷனுக்குப் பொறுப்பாளர் யார். “ஐ.டி. டீம்” என்று எழுதாதீர்கள், ஒரு மனிதரின் பெயர் வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிசைகள்தான் பின்னால் உங்களைப் படுத்தப்போகின்றன.

இந்த வேலையையும் எம்.எஸ்.பி.யிடமே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கருவியை அவர்கள் ஓட்டட்டும், முடிவைப் படிக்கும்போது உங்கள் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

படி 2: எது போகும், எது இருக்கும்

கார்ட்னர் நிறுவனம் 2010-இல் இடமாற்றத்துக்கு ஐந்து வழிகளைச் சொன்னது, அமேசான் அதைப் பின்னால் ஏழாக்கியது. எல்லாம் ஆங்கிலத்தில் “ஆர்” எழுத்தில் தொடங்குவதால் ஸ்லைடில் அழகாக இருக்கும். முதல்முறை போகிறவருக்கு நான்கு கேள்வி போதும். இது இன்னும் தேவையா? இங்கேயே இருக்கட்டுமா? இருக்கிறபடியே தூக்கிக்கொண்டு போகலாமா? கொஞ்சம் மாற்றி, கிளவுடின் மேனேஜ்டு டேட்டாபேஸில் உட்கார வைக்கலாமா? அதே வரிசையில் கேளுங்கள். முதல் கேள்வியிலேயே கணிசமான சர்வர்கள் கழன்றுவிடும். இருக்கிறபடியே தூக்குவதைச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. இடமாற்றத்தையும் மறுகட்டுமானத்தையும் ஒரே இரவில் செய்தால், கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் படியில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய விஷயம் லேட்டன்சி, அதாவது ஒரு கேள்வி போய் பதில் வர ஆகும் தாமதம். ஃபைபருக்குள் ஒளி, செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளவுடுக்கு ஒரு கேள்வி போய் பதில் வர, வழியில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 10 மில்லிசெகண்ட். நடைமுறையில் 15 என்று வையுங்கள். கேட்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும்.

இப்போது ஒரு பழைய அப்ளிகேஷனின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது திரையில் வருவதற்குள் டேட்டாபேஸிடம் 300 கேள்வி கேட்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக. அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே ரேக்கில் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட். மொத்தம் 150 மில்லிசெகண்ட், கண் சிமிட்டும் நேரம். அப்ளிகேஷன் கிளவுடுக்குப் போய், டேட்டாபேஸ் இங்கேயே தங்கிவிட்டால்? 300 தடவை 15 மில்லிசெகண்ட், நாலரை செகண்ட். புரோகிராம் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சர்வர் முன்பைவிடப் பெரியது, லைன் புதியது. ஆனாலும் பக்கம் திறக்க நாலரை செகண்ட். எம்.எஸ்.பி.யின் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், உபயோகிப்பவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். லைனின் அகலத்தைக் கூட்டினாலும் இது சரியாகாது, ஏனென்றால் பிரச்சினை தூரத்தில் இருக்கிறது.

ஆகவே, அதிகம் பேசிக்கொள்ளும் மெஷின்களை ஒரே கொத்தாகக் கட்டுங்கள். கொத்தாகவே போகட்டும், அல்லது கொத்தாகவே இருக்கட்டும். நடுவில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு டெஸ்ட் மெஷினைக் கிளவுடில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அரை நாள் வேலை. பல திட்டங்களில் இந்த அரை நாளை யாரும் ஒதுக்குவதில்லை.

படி 3: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

விற்க வருபவர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் அலர்ட்டைப் பார்க்கப்போவது அவர்கள் இல்லை. அதனால் ஷிஃப்டில் இருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அவர்களுக்கு நேர்ந்த ஒரு பெரிய கோளாறின் அறிக்கையை, வாடிக்கையாளர் பெயரை மறைத்து, காட்டச் சொல்லுங்கள். காரணத்தை நேர்மையாக எழுதியிருக்கிறார்களா, “நெட்வொர்க் பிரச்சினை சரிசெய்யப்பட்டது” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சாக் 2 அறிக்கை (பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை வெளித் தணிக்கையாளர் பார்த்து எழுதுவது) இருக்கிறது என்று சொன்னால், டைப் 1-ஆ டைப் 2-ஆ என்று கேளுங்கள். டைப் 1 ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் எப்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதைச் சொல்லும். டைப் 2, அவை சில மாதங்களாக உண்மையிலேயே வேலை செய்தனவா என்பதைச் சொல்லும்.

அடுத்து, யார் எதைச் செய்வார்கள் என்ற அட்டவணை. “பேட்ச் (மென்பொருளின் குறைகளைச் சரிசெய்யும் திருத்தம்) போடுவது: எம்.எஸ்.பி.” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அதை உடைத்துப் பாருங்கள். புதிய பேட்ச் வந்ததைக் கவனிப்பது யார்? டெஸ்ட் மெஷினில் போட்டுப் பார்ப்பது யார்? அப்ளிகேஷன் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது யார்? நேரம் ஒதுக்கித் தருவது யார்? போட்டதும் சர்வர் எழுந்திருக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திருப்ப முடிவெடுப்பது யார்? அந்த ஒரு வரிக்குள் ஐந்து வேலை இருக்கிறது. அதில் மூன்றாவது கிட்டத்தட்ட எப்போதும் உங்களுடையது. அது உங்களுடையது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. டேட்டாபேஸ், பேக்கப், ஃபயர்வால் விதி, சர்வர்களின் டிஜிட்டல் சான்றிதழ் புதுப்பித்தல் எல்லாவற்றையும் இதே மாதிரி உடையுங்கள். கிளவுட் நிறுவனம், எம்.எஸ்.பி., நீங்கள் என்று மூன்று கட்டம் இருக்கட்டும். எந்த வரியிலாவது இரண்டு பெயர் இருந்தால் அதற்கு யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம்.

எஸ்.எல்.ஏ. (இவ்வளவு நேரம் தடையின்றி ஓடும் என்று ஒப்பந்தத்தில் தரும் உறுதி) எண்களை நிமிடமாக மாற்றிப் படியுங்கள். 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் நிற்கலாம். 99.5 என்றால் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். லைன், கிளவுட், அப்ளிகேஷன் ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 தந்தாலும், மூன்றும் சேர்ந்து ஓடினால்தான் வேலை நடக்கும் என்ற நிலையில் மொத்தம் 99.7 ஆகிவிடும். அதாவது மாதத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். “15 நிமிடத்தில் பதில்” என்பது உங்கள் டிக்கெட்டை (பதிவு செய்த புகாரை) பார்த்துவிட்டோம் என்ற பதில்தான். சரிசெய்யும் நேரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்.எல்.ஏ. மீறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு. உங்கள் வாடிக்கையாளரிடமும், உங்களை மேற்பார்க்கும் அமைப்பிடமும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் முழு அமைப்பையும் புதிய தளத்துக்கு மாற்றியது. தரவுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, புதிய தளம்தான் தாங்கவில்லை. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. தளத்தை அமைத்து நடத்தியது அதே குழுமத்தின் ஐ.டி. நிறுவனம், அதற்குக் கீழே பல துணை ஒப்பந்தக்காரர்கள். ஆனால் 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் மொத்தம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தது வங்கிக்குத்தான். வெளியே கொடுத்த வேலையைச் சரியாக மேற்பார்க்காததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. உங்கள் எம்.எஸ்.பி. யாருக்கெல்லாம் துணை ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: சாவிக்கொத்து

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இதை முடித்துவிடுங்கள். பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

கிளவுட் அக்கவுண்டைத் திறப்பது நீங்களாக இருக்க வேண்டும். உச்ச உரிமை உள்ள ரூட் லாகின் உங்கள் அலுவலகப் பொது மெயிலில் இருக்கட்டும், தனி ஒருவரின் மெயிலில் வேண்டாம். டொமைன் பெயர் பதிவு உங்கள் பெயரில். தரவைப் பூட்டித் திறக்கும் என்கிரிப்ஷன் கீ உங்கள் கட்டுப்பாட்டில். சர்வர்களையும் நெட்வொர்க்கையும் உருவாக்கும் டெராஃபார்ம் போன்ற கருவிக்கான புரோகிராம் கோடு உங்கள் ரெப்பாசிட்டரியில் (கோடைச் சேமிக்கும் இடம்), என்னென்ன உருவாகியிருக்கிறது என்று குறித்துவைக்கும் அதன் ஸ்டேட் ஃபைல் உங்கள் கட்டுப்பாட்டில். எம்.எஸ்.பி. அதற்குள் வந்து வேலை செய்யட்டும். பில் உங்களுக்கு நேராக வருவது நல்லது. எம்.எஸ்.பி. வழியாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கலாம், அப்படி வாங்கினாலும் வரி வரியான பில் விவரத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு வேண்டும்.

எம்.எஸ்.பி. ஆட்களுக்குத் தனித்தனி லாகின். “சப்போர்ட்” என்ற ஒரே பெயரில் பத்து பேர் நுழைவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அட்மின் உரிமை எப்போதும் திறந்திருக்க வேண்டியதில்லை. டிக்கெட்டைக் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு என்று வாங்கிக்கொண்டு வேலை முடிந்ததும் தானாகப் பறிபோகும்படி அமைக்கலாம். அவர்கள் செய்தவற்றின் லாக் (தானாகப் பதிவாகும் குறிப்பு), அவர்களால் அழிக்க முடியாத ஓர் அக்கவுண்டில் சேர வேண்டும்.

இது அவநம்பிக்கை இல்லை. 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டையை, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று பயன்படுத்தியது. அந்த மென்பொருளை வைத்திருந்தவர்களில் பலர் எம்.எஸ்.பி.க்கள். நேரடியாகத் தாக்கப்பட்டவை 60-க்கும் குறைவு. அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500 வரை என்று கசேயாவே சொன்னது. உங்கள் எம்.எஸ்.பி. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டுக் கதவு உடைந்தால் உங்கள் வீட்டுச் சாவி அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

அவசரத்துக்கென்று இரண்டு லாகின் ஒதுக்கி வையுங்கள். உங்கள் அன்றாட லாகின் அமைப்பு முழுவதுமாகப் படுத்துவிட்டாலும் உள்ளே நுழைய அவை. பாஸ்வேர்டு மூடிய உறையில், பெட்டகத்தில் இருக்கட்டும். யாராவது அதைப் பயன்படுத்தினால் உடனே நாலு பேருக்கு அலர்ட் போக வேண்டும்.

படி 5: பாலம் கட்டுதல்

டேட்டா சென்டருக்கும் கிளவுடுக்கும் இடையே முதலில் வி.பி.என். (பொது இணையத்தின் வழியே போகும் பூட்டிய பாதை), பிறகு தேவைப்பட்டால் தனி லைன். தனி லைன் வர வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஆர்டரை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வந்த பிறகு வி.பி.என்.-ஐக் கழற்றாதீர்கள், லைன் அறுந்தால் அதுதான் துணை.

ஐ.பி. முகவரி மோதல்தான் அடிக்கடி வரும் சிக்கல். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-இல் ஒதுக்கிய மூன்று தொகுதிகள் உண்டு: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. உலகமே இதிலிருந்துதான் எடுக்கிறது. கிளவுடில் டெஸ்ட் அக்கவுண்ட் திறந்த யாரோ 10.0.0.0/16 என்று போட்டுவிட்டுப் போயிருப்பார், டேட்டா சென்டரிலும் அதுவே இருக்கும். இரண்டையும் இணைக்கும் நாளில்தான் தெரியும். எம்.எஸ்.பி. தன் மேலாண்மை நெட்வொர்க்கையும் கொண்டுவருவதால் மூன்றாவது மோதலும் வரலாம். ஒரு தாளில் மூவரின் முகவரிகளையும் எழுதி, அடுத்த ஐந்தாண்டுக்கு இடம் விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புதியவரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு. பிங் (அந்தப் பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது. லாகின் பக்கம் வருகிறது. பெரிய ஃபைலை ஏற்றினால் மட்டும் அப்படியே தொங்கி நிற்கிறது. ஃபயர்வால்காரர் தன் பக்கம் சரி என்பார், கிளவுட்காரர் தன் பக்கம் சரி என்பார். நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் எனும் சிறு பொதிகளாகப் போகும், வழக்கமாக ஒன்றின் உச்ச அளவு 1,500 பைட். வி.பி.என். தன் உறையையும் சேர்த்துக்கொள்வதால் உள்ளே அவ்வளவு கொள்ளாது. சிறிய பாக்கெட் நுழைந்துவிடும், பெரியது வழியில் தொலையும். வி.பி.என். கருவியில் டி.சி.பி. துண்டின் (ஒரு பாக்கெட்டுக்குள் போகும் தரவின்) உச்ச அளவை 1,350 பைட்டை ஒட்டிக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு கம்பெனிகளுக்கு இடையே மூன்று நாள் பந்தாடப்பட்ட ஒரு டிக்கெட்டை இந்த ஒரு வரி மூடியதைப் பார்த்திருக்கிறேன்.

டி.என்.எஸ். (மெஷின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) இரு பக்கமும் இரு பக்கப் பெயர்களையும் அறிய வேண்டும். இரு பக்கமும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். லாகின் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். இவற்றை எம்.எஸ்.பி. பொதுவாக நன்றாகவே செய்துவிடும்.

படி 6: தரவை நகர்த்துதல்

முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 20 டெராபைட் தரவு, செகண்டுக்கு 500 மெகாபிட் லைன். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆகவே எட்டால் பெருக்கினால் 160 டெராபிட். அதை லைன் வேகத்தால் வகுத்தால் 3,20,000 செகண்ட், ஏறத்தாழ 89 மணி நேரம். அதே லைனில் அலுவலகமும் நடப்பதால் 60 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்தால் 148 மணி நேரம், ஆறு நாளுக்கு மேல். இதை வார இறுதியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பெருக்கல் கணக்கை நீட்டுங்கள்.

ஆகவே மொத்தத்தையும் முன்பே மெதுவாக நகலெடுத்து, அன்றாட மாற்றங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மாறும் இரவில் மிஞ்சியிருப்பது கடைசிச் சில நிமிட மாற்றங்கள் மட்டுமே என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் இலக்கு.

படி 7: மாறும் இரவு

முதல் சுற்றில் சிறியதாக, ஆனால் யாரோ உண்மையிலேயே பயன்படுத்தும் ஒரு அப்ளிகேஷனை எடுங்கள். யாருக்குமே வேண்டாத டெஸ்ட் சர்வரை நகர்த்திவிட்டு வெற்றி என்று கைதட்டுவதில் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

இரவுக்கான திட்டத்தை நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். நான் வைத்திருந்த ஒன்று ஏறத்தாழ இப்படி இருந்தது:

இரண்டு நாள் முன்பு: டி.என்.எஸ். பதிவின் ஆயுளை 86,400 செகண்டிலிருந்து 300 ஆகக் குறை. (இதை அன்றிரவு செய்தால் பயனில்லை. பழைய முகவரியை ஒரு நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும் மெஷின்கள் உலகம் முழுக்க இருக்கும்.)
22:00: பழைய அப்ளிகேஷனில் எழுதுவதை நிறுத்து. படிக்க மட்டும் அனுமதி.
22:10: கடைசி மாற்றங்கள் போய்ச் சேர்ந்தனவா பார். முக்கியமான ஐந்து டேபிள்களின் வரிசை எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிடு.
22:40: புதிய அப்ளிகேஷனை உள்ளுக்குள் மட்டும் திற. பொறுப்பாளர் லாகின் செய்து, பத்து வேலைகளைச் செய்து பார்க்கிறார்.
23:30: போகலாமா, திரும்பலாமா. முடிவு ஒருவருடையது, பெயர் தாளில் எழுதப்பட்டிருக்கிறது.
23:40: டி.என்.எஸ். மாற்றம்.
00:30: பழைய சர்வருக்கு இன்னும் யார் வருகிறார்கள் என்று லாக் பார்.

23:30 வரிதான் உயிர். அதுவரை திரும்பி வருவது எளிது, பழையதைத் திறந்துவிட்டால் போதும். புதிய டேட்டாபேஸில் உண்மையான வாடிக்கையாளர் முதல் வரியை எழுதிய பிறகு, திரும்பினால் அந்த வரியை இழக்க வேண்டும், அல்லது பின்னோக்கி நகலெடுக்கும் ஏற்பாடு முன்பே இருந்திருக்க வேண்டும். நள்ளிரவில் களைத்துப்போன எட்டுப் பேர் போன் காலில் இருக்கும்போது “இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாமே” என்ற குரல் கட்டாயம் எழும். எம்.எஸ்.பி. பக்கத்திலிருந்தும் எழும், ஏனென்றால் அவர்களின் பில் இந்த இரவின் வெற்றியோடு பிணைந்திருக்கலாம். முடிவெடுப்பவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். ஒரு தடவை நாங்கள் 23:25-க்குத் திரும்பினோம். ஒரு டேபிளில் 14 வரிசை குறைந்தது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பத்து நிமிடத்தில் காரணம் கிடைத்தது, அடுத்த வாரம் சத்தமே இல்லாமல் மாறினோம்.

பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். அணைத்து, ஒரு மாதக் கடைசி தாண்டும்வரை வைத்திருங்கள். முதல் படியில் என் கதையைப் படித்தீர்கள்.

படி 8: அன்றாடம்

முதல் மாதம் அலர்ட் மழை பெய்யும். அதில் பெரும்பகுதிக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. வாரம் ஒரு முறை எம்.எஸ்.பி.யோடு உட்கார்ந்து, ஒவ்வொரு அலர்ட்டுக்கும் “இது வந்தால் ஷிஃப்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்” என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாததை அணையுங்கள். நான் ஷிஃப்டில் இருந்த காலத்தில், ஒரு வாடிக்கையாளரின் அலர்ட் ஓர் இரவுக்கு நூற்றுக்கு மேல் வரும். மூன்றாவது வாரத்திலிருந்து நாங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உண்மையான டிஸ்க் பிரச்சினை ஒன்று அதற்குள் புதைந்து காலை வரை கிடந்தது. தப்பு எங்களுடையதுதான். ஆனால் அந்த அலர்ட்டுகளை அப்படி அமைத்து வைத்ததில் இரு பக்கத்துக்கும் பங்கு உண்டு.

செலவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மெஷினுக்கும் யாருடையது என்ற டேக் இல்லாமல் உருவாக்கவே முடியாதபடி செய்துவிடுங்கள். மாதாமாதம் மூன்றைப் பாருங்கள்: தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும் மெஷின், எவருக்கும் சொந்தமில்லாத டிஸ்க் நகல், கிளவுடிலிருந்து வெளியே போகும் தரவு. ஹைபிரிட்டில் கடைசியது தனிக் கவனம் கேட்கும். பொதுவாக உள்ளே வரும் தரவுக்குக் காசில்லை, வெளியே போவதற்கு உண்டு. தினமும் இரவு கிளவுடிலிருந்து டேட்டா சென்டருக்கு முழு நகல் இழுக்கும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று போதும், பில்லைப் பார்த்துத் திடுக்கிட.

பேக்கப்பைப் பற்றி மாத அறிக்கையில் “100 சதவீதம் வெற்றி” என்று வரும். எடுத்தது வெற்றி, மீட்டது? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தும் நம்பி எடுக்க ஒன்றும் இல்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, மூலமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் தனியார் சூழலே அழிந்துபோனது. அதை அமைத்தபோது கூகுளின் ஓர் உள்கருவியில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம்தான் காரணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்து, முன்கூட்டிச் சொல்லாமல், “இதை நேற்றைய நிலைக்கு வேறொரு இடத்தில் எழுப்பித் தாருங்கள்” என்று டிக்கெட் போடுங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான ஆர்.டி.ஓ. குறைந்தது ஒரு நகல், எம்.எஸ்.பி.யின் லாகினால் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

படி 9: வெளியேறும் வழி

இதை ஒப்பந்தம் போடும்போதே எழுத வேண்டும். கடைசியில் வைத்திருப்பது, எல்லோரும் கடைசியில் நினைப்பதால்.

கிளவுட் நிறுவனங்களை விட்டு வெளியேறுவது முன்பைவிடச் சற்று எளிதாகியிருக்கிறது. முழுவதுமாக வெளியேறுபவர்களுக்குத் தரவை எடுத்துச்செல்லும் கட்டணத்தை 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் நீக்கின. நிபந்தனைகள் உண்டு, அன்றாடம் வெளியே போகும் தரவுக்கு இது பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா ஆக்ட் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அங்கே 2027 ஜனவரி 12 முதல் இடம்மாறும் கட்டணமே வாங்கக் கூடாது.

எம்.எஸ்.பி.யை விட்டு வெளியேறுவதற்குச் சட்டம் துணைக்கு வராது, ஒப்பந்தம்தான். நோட்டீஸ் கொடுத்த பிறகு எத்தனை நாள் ஒத்துழைப்பார்கள், அந்த நாட்களுக்கு என்ன கட்டணம், எந்தெந்த ஆவணங்களை ஒப்படைப்பார்கள், அவர்களுடைய கண்காணிப்புக் கருவியில் உள்ள அமைப்புகளை எந்த வடிவில் தருவார்கள் என்று வரி வரியாக எழுதுங்கள். சாவிக்கொத்துப் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கும்.

ஆவணங்கள் உண்மையிலேயே போதுமா என்று தெரிந்துகொள்ள, ஆண்டுக்கு ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். உங்கள் டீமில் இருப்பவர்களிலேயே புதியவரை உட்கார வையுங்கள். எம்.எஸ்.பி. ஆட்கள் அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர்கள் எழுதிக் கொடுத்த ஆவணத்தை மட்டும் பார்த்து, அந்தப் புதியவர் ஒரு சர்வரை உருவாக்கி, நெட்வொர்க்கில் சேர்த்து, கண்காணிப்பில் இணைத்து, பேக்கப்பில் போட வேண்டும். அவர் எந்த வரியில் திணறி நிமிர்ந்து பார்க்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மாலையில் அந்தத் தாளை எம்.எஸ்.பி.யின் கையில் கொடுத்து, திருத்தித் தர ஒரு தேதி கேளுங்கள்.